பட்டையடித்த மண்சரிவு

எங்கள் குடும்பத்தில் போலீசில் சேர்ந்தவன் உண்டு, பட்டாளத்துக்குப் போனவன் உண்டு, ஒரு வேலையும் செய்யாமல் குத்தகை நெல்லைத் தின்று தீர்த்தவனும் உண்டு. எல்லாருக்கும் மரியாதை இருந்தது. சிலந்தி பிடித்தவன் நான் ஒருவன்தான். தென்காசிப் பள்ளிக்கூடத்தில் நான் இயற்கைப் பாடம் நடத்திய அந்தக் காலத்தில், கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் முதலில் என் சட்டைப்பையைத்தான் பார்ப்பார்கள். "எட்டுக்கால் பூச்சி மேல பட்டா கொப்புளம் போடும் வே, கொஞ்சம் தள்ளி இரும்" என்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

குற்றால மலைச் சிலந்திகளை அதுவரை யாரும் ஒழுங்காகக் கணக்கெடுத்திருக்கவில்லை. புலிக்கும் யானைக்கும் பக்கம் பக்கமாக எழுதினவர்கள் இலைக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை. சாரல் தொடங்கினால் ஊரே எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகும். நான் குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு புதர்களைத் தட்டிக்கொண்டிருப்பேன். அதில் விழுந்ததை ஸ்பிரிட் குழாயில் போட்டு, பிடித்த இடத்தைப் பென்சிலால் சீட்டில் எழுதி, சீட்டையும் குழாய்க்குள்ளேயே போடுவேன். நனைந்துகொண்டு குடையைக் கவிழ்த்துப் பிடித்திருக்கிறவனை ஊர் என்ன நினைக்கும்? நினைத்தது.

ஐந்தருவிக்குப் போகும் வழியில் என் அண்ணனுக்கு ஒரு தோப்பு இருந்தது. அதன் மேல்கோடியில் ஆளுயர மண்சரிவு, முழுக்கப் பாசி. அங்கேதான் அந்தச் சிலந்தியைக் கண்டேன். மண்ணுக்குள் விரல் நுழையும் அளவுக்கு வளை தோண்டி, வாய்க்கு நூலும் மண்ணும் சேர்த்து ஒரு மூடி செய்து வைத்திருக்கும். மூடியின் மேலும் பாசி இருப்பதால், சாத்திக்கொண்டால் வளை இருப்பதே தெரியாது. ஊசியால் மூடியை நெம்பினால் உள்ளேயிருந்து இழுத்துப் பிடிக்கும். அந்தச் சின்ன இழுப்பு விரலில் பட்டபோது வந்த சந்தோஷம், சொல்ல வெட்கமில்லை, என் கல்யாணத்தன்றுகூட வரவில்லை.

ஒரு பெண் சிலந்தியைத் தோண்டியெடுத்து, இந்தியச் சிலந்திகளுக்கு அட்டவணை எழுதிக்கொண்டிருந்த ஒரு துரைக்குத் தபாலில் அனுப்பினேன். போகிற வழியில் அதன் கால்கள் உடைந்துவிட்டன. புது இனமாக இருக்கலாம், ஆனால் ஆண் சிலந்தியைப் பார்க்காமல் உறுதி சொல்வதற்கில்லை என்றார். மழை இறங்கிய பிறகுதான் ஆண், துணை தேடி வளையைவிட்டு வெளியே வரும். அதனால் அந்தச் சாரலில், திருவிதாங்கூர் போகும் வழியில் அவரே தென்காசியில் இறங்கி, என்னோடு சேர்ந்து தேட ஒப்புக்கொண்டார். கிடைத்துவிட்டால் குற்றாலத்துச் சிலந்தி ஒன்று அட்டவணையில் ஏறும். கண்டெடுத்தவன் என்று கீழே என் பெயர் வரும். பந்தியில் தள்ளி உட்கார்ந்த அத்தனை பேருக்கும் அதுதான் பதில் என்று நம்பிக் காத்திருந்தேன்.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். என்னைப் பூச்சிக்காரன் என்று முதலில் பெயர் வைத்தவரே அவர்தான். அன்றைக்கு நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார்.

"தொரையா? நம்ம தோப்புக்கா வருதாரு?"

"ஆமாண்ணே. அந்த மேக்கோடிச் சரிவப் பாக்கத்தான் வருதாரு. அங்கன ஆடு மாடு ஏறாம பாத்துக்கிடுங்க."

"ஏலே, இத நீ சொல்லணுமாக்கும்? நம்ம கௌரதைல்லா! நான் பாத்துக்கிடுதேன், நீ போ."

சொல்லிவிட்டு என் தோளில் கை வைத்தார். அதற்குமுன் வைத்ததில்லை.

அந்த வாரம் பார்த்துப் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்து தொலைத்ததால் தோப்புப் பக்கம் போக முடியவில்லை. துரை வந்த காலையில் ரயிலடியிலிருந்து நேரே அவரை வண்டியில் அழைத்துப் போனேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஆண் சிலந்திகள் வெளியே வந்திருக்கும் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே போனேன்.

தோப்பு வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. மாவிலைத் தோரணம், மேளம், பன்னீர்ச் செம்பு. பட்டு வேட்டியில் அண்ணன். துரைக்கு மாலை போட்டு, தாமே முன்னால் நடந்து மேல்கோடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

சரிவில் பாசி இல்லை. மண்வெட்டியால் ஒரு முழ ஆழத்துக்குச் செதுக்கித் தள்ளி, மட்டப்பலகையால் தட்டி, கோயில் மதிலைப் போலக் காவியும் வெள்ளையும் பட்டை பட்டையாக அடித்திருந்தார்கள். துரை ஏறுவதற்குப் படி வெட்டியிருந்தது. செதுக்கிய மண்ணைப் பாதைப் பள்ளத்தில் கொட்டி மிதித்திருந்தார்கள். சாரலில் காவி கரைந்து சுண்ணாம்பின் மேல் வழிந்துகொண்டிருந்தது.

"ஒரே காடா கெடந்துச்சுலே. பாத்தா நம்மளப் பத்தி என்ன நெனப்பாரு? எல்லாத்தையும் செதுக்கியாச்சு. தைரியமா ஏறலாம்னு சொல்லு."

துரை சரிவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அண்ணனுக்குக் கை கொடுத்து நன்றி சொன்னார். மத்தியானம் வரை மற்ற மேடுகளில் தேடினோம். ஒரு வளைகூட அகப்படவில்லை. அவர் செங்கோட்டை ரயிலைப் பிடித்துப் போய்விட்டார்.

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கேலி செய்து கெடுத்திருந்தால் கத்தியிருப்பேன். எனக்காக வாழ்நாளில் ஒரு தடவை பட்டுடுத்தி நின்றவரிடம் எப்படிக் கத்துவது? அந்த மரியாதையை நான் கேட்கவில்லை. அவருடைய கேலியே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அட்டவணை வெளிவந்தபோது என் சிலந்தி சந்தேகத்துக்குரியவற்றின் வரிசையில் கிடந்தது. சொன்ன இடத்தில் வளைகள் காணப்படவில்லை என்ற குறிப்போடு. என் பெயர் இல்லை. பிறகு எத்தனையோ சாரலில் மலையெல்லாம் தேடினேன். அது வேறெங்கும் இல்லை.

துரை வந்து பார்த்த இடம் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அண்ணன் அந்தச் சரிவைக் காட்டுவார். ஒவ்வொரு சாரலுக்கும் முன்னால் ஆள் விட்டுச் செதுக்கிப் புதுப் பட்டை அடிப்பார். படுக்கையில் விழுந்த பிறகும் என்னைப் பார்த்தால் அதே பேச்சுத்தான்.

"அன்னைக்கு நம்ம ஏற்பாடு எப்படிலே? ஒரு பூச்சி பொட்டு இருந்துச்சா?"

"இல்லண்ணே" என்பேன். "ஒண்ணுகூட இல்ல."