பஸ்ஸில் விட்ட குதிகால் ரகசியம்

இன்னிக்குக் கொல்லிமலையிலிருந்து இறங்குற பஸ்ல வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாங்க.

பக்கத்து சீட்டுல ஒரு அக்கா, கையில எலுமிச்சம்பழம். முதல் வளைவுலயே முகம் வெளிறிப் போச்சு.

"ஏதாச்சும் பேசிக்கிட்டே வா கண்ணு, அப்பத்தான் எனக்கு வாந்தி வராது"ன்னாங்க.

எனக்குப் பேசத் தெரிஞ்சது கபடி ஒண்ணுதான். எங்க ஊர் வளப்பூர் நாட்டு டீமுக்கு, எதிர் டீம் பக்கம் பாடிப் போற ரெய்டர் நான்னு ஆரம்பிச்சேன்.

"மூச்சையும் புடிச்சுக்கிட்டு, எந்தப் பக்கம் திரும்பறதுன்னு எப்படி யோசிக்கிறே?"

"யோசிக்க ஏதுங்க நேரம்? நான் மூஞ்சியையே பார்க்கமாட்டேன். கார்னர்ல நிக்கறவ குதிகால் தரையை விட்டுக் கிளம்புனா, பாய வர்றான்னு அர்த்தம். என் கால் தானா திரும்பிரும்."

அடிவாரம் வர்ற வரைக்கும் இதையே விளக்குனேன். அவங்களுக்கு வாந்தியே வரலை.

இறங்கறப்ப பழத்தை என் கையில குடுத்தாங்க. "எம் பொண்ணும் கபடிதான் கண்ணு. திருப்புலி நாட்டு டீம்ல லெஃப்ட் கார்னர். ஞாயித்துக்கிழமை ஃபைனல் உங்க கூடத்தானே?"

இப்ப பிரவுசிங் சென்டர்ல உக்காந்து இந்தக் கபடி குரூப்புல எழுதறேன். ஞாயித்துக்கிழமை அந்தப் புள்ள குதிகாலைத் தூக்குனா அது நிஜமா, எனக்குன்னே தூக்குன பொய்யா? அதை யோசிக்கிற நேரத்துல என்னை அமுக்கிருவாங்க.

குதிகாலை விட்டா வேற எதைப் பார்க்கறதுன்னு, ஆடறவங்க யாராச்சும் சொல்லுங்க. ஆனா இங்க எழுதாதீங்க, தனியா மெசேஜ் பண்ணுங்க. இப்பத்தான் திருப்புலி டீம்னு தேடிப் பார்த்தேன், அந்தப் புள்ளையும் இந்தக் குரூப்புலதான் இருக்கா.