பொம்பளைத் தலைக்கு லொறி இல்லை

என் தங்கச்சி நாகலெட்சுமி சின்ன வயதிலிருந்து கொழுந்து எடுத்தவள். மஸ்கெலியாப் பக்கம்தான் எங்கள் தேயிலைத் தோட்டம். எனக்கு அங்கே ஸ்டோரில், கொழுந்து அரைக்கும் ஆலையில், வேலை. மலை ஏறும்போதே கங்காணியை நையாண்டி பண்ணி மொத்தக் கூட்டத்தையும் சிரிக்க வைப்பாள். அந்த வாய்தான் குழறிப்போனது.

எண்பத்தோராம் வருசம், மழைக்காலம். கூடையோடு மழைத்தண்ணி ஓடும் கானுக்குள் சறுக்கி விழுந்தாள். பின்தலை கல்லில் அடிபட்டது. ரத்தம் வரவில்லை. எழும்பிக் கூடையை நிரப்பிவிட்டுத்தான் இறங்கினாள். அதிலிருந்து தலைவலி. ஒரு மாதம் போவதற்குள் உட்கார்ந்த இடத்தில் தூங்கினாள், பேச்சு இழுத்தது, வலது கை கொழுந்தைப் பிடிக்கவில்லை.

தோட்டத்து டிஸ்பென்சர் அமிர்தநாதன். அவரை டொக்டரையா என்றுதான் கூப்பிட வேண்டும். அவர் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு லொறி. பொம்பளைக்கு நோய் என்றால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டார், புருசனைக் கூப்பிட்டுத்தான் கேட்பார். அவள் புருசன் கந்தப்பன், என் மச்சான், அதற்கு முந்தின வருசம் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விழுந்தான். தலையில் எலுமிச்சங்காய் அளவு வீக்கம். அன்றைக்கே துண்டு, அன்றைக்கே லொறி. இவளுக்கு ஒரு போத்தல் சிவப்புத் தண்ணி.

அதைக் குடித்தும் குறையாததால் மூன்று பேரும் மறுபடி போய் நின்றோம்.

"கந்தப்பா, ராவுல தூங்குறாளா?" என்றார் டிஸ்பென்சர்.

"பகல்லயும் தூங்குறாங்கய்யா."

"பொம்பளைங்க மூளை ஆம்பளை மூளையவிட எடை கம்மி. பொஸ்தகத்திலயே போட்டிருக்கு. சின்ன அடிக்கே நரம்பு தளர்ந்திரும். வேலைக்குக் கள்ளமும் வந்திரும்."

நாகலெட்சுமி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

வெளியே வந்து கந்தப்பனைப் பிடித்தேன். "ஒன் தலைக்கு லொறி வந்துச்சே, அவ தலை என்ன சொரக்காயா?"

"படிச்சவரு சொல்றாரு மச்சான். பொம்பளைங்களுக்கு அப்படித்தானாம்."

இரண்டு பேரையும் கானுக்குள் தள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் காலையில் அவள் கண் விழிக்கவில்லை. உலுக்கினால் முனகினாள். அப்படிக் கிடப்பவளை எந்த பஸ்ஸில் ஏற்றுவது? நான் ஒரு பழைய துணியை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனேன்.

"ஸ்டோர் படியில விழுந்திட்டேனுங்க. வாந்தி வருது, கண்ணு இருட்டுது."

தலையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை மனுசன். "தலை விசயம், வெளையாடக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே துண்டு எழுதிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசையைக் கவிழ்க்காமல் வந்ததே பெரிசு.

பக்கத்து லயத்து வீட்டுப் பவுலினும் இன்னும் சில பெண்களும் அவளைக் கம்பளியில் போட்டு ரோட்டுக்குத் தூக்கிவந்தார்கள். லொறிக்காரன் செல்லசாமி துண்டைப் பார்த்தான்.

"ஒன் பேருதானே இருக்கு?"

"நானுந்தானே வாறேன். ஓட்டு."

"ஒனக்கு ஒண்ணுமே இல்லையேப்பா."

"ஆம்பளை மூளைல்ல, தாங்கிக்கிச்சு."

"நீ ஏறு அக்கா," என்று பவுலினைப் பார்த்துச் சொன்னான் அவன். "தலையைப் பிடிச்சுக்க, ரோடு குலுக்கும்."

கண்டியில் மண்டையில் துளை போட்டு, உள்ளே கட்டியிருந்த ரத்தத்தை எடுத்தார்கள். அங்கிருந்த சிங்கள டொக்டரிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன், பொம்பளை மூளை வேறயா என்று.

"ஒடம்பு சின்னதுன்னா மூளையும் கொஞ்சம் சின்னது. அங்கங்க சின்னச் சின்ன வித்தியாசமும் இருக்கும். ஆனா மண்டையத் திறந்து ஒரு மூளையக் காட்டினா, அது ஆணா பொண்ணான்னு என்னாலயே பார்த்துச் சொல்ல முடியாது. ரத்தம் அழுத்தினா ரெண்டும் ஒண்ணுபோலத்தான் சாகும். ஏன் இவ்வளவு நாள் வச்சிருந்தீங்க?"



பொய் சொல்லி லொறி எடுத்தேன் என்று தோட்டத்தில் எனக்கு வேலை நிப்பாட்டினார்கள். டிஸ்பென்சரிடம் மன்னிப்புக் கேட்டால் வேலையாம். கேட்கவில்லை. கண்டி டொக்டர் சொன்னதை அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். "அவரு சொல்வாரு, எங்கிட்ட பொஸ்தகம் இருக்கு," என்றார். தொழிற்சங்கத் தலைவர் வந்து பேசிய பிறகுதான் என்னை மறுபடி ஸ்டோருக்குள் விட்டார்கள்.

நாகலெட்சுமிக்குப் பேச்சு திரும்பிவிட்டது. இன்றைக்கும் மலையில்தான் நிற்கிறாள், இடது கையால் கொழுந்து எடுக்கிறாள். வலது கை விரல் மடங்குவதில்லை. கை பிடிக்காமல் போன முதல் வாரமே அனுப்பியிருந்தால் மடங்கியிருக்கும்.