எனக்கு கியர் வராது

மலையடிவாரத்து விதுரைக்கு அப்பால் எங்கள் தோட்டத்துக்குப் போகிற கடைசி ஏற்றத்தை மழைக்காலத்தில் பார்த்தவர்கள் யாரும் அதை ரோடு என்று சொல்ல மாட்டார்கள். கொஞ்சம் ரப்பரும் கொஞ்சம் நல்லமிளகுமாக, என் கணவர் ஓய்வு பெற்ற கையோடு வாங்கிய தோட்டம் அது. எங்கள் சின்னக் கார் அடிவாரத்திலேயே நின்றுவிடும். மீதித் தூரம் சேற்றில் நடை. ஆகவே நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ஜீப் ஒன்று வாங்குவது என்று முடிவானது. அதுவரை எங்களுக்குள் சண்டை இல்லை. கியர் வைத்ததா, ஆட்டோமேட்டிக்கா என்ற இடத்தில்தான் என் பிராணன் போயிற்று.

உண்மையில் அதில் கேள்விக்கே இடமில்லை. முதுகில் டிஸ்க் நகர்ந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து அவருக்கு இடது காலில் முழங்காலுக்குக் கீழே உணர்ச்சி சரியாகத் திரும்பவில்லை. வலது கால் நன்றாக இருக்கிறது, வண்டி ஓட்டலாம், கிளட்ச் மட்டும் வேண்டாம் என்று டாக்டர் எங்கள் இருவரையும் எதிரே உட்காரவைத்துச் சொன்னார். இவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவுக்காக நிற்கும்போது, "இதை யார்கிட்டயும் சொல்லாதே, கேட்டயா" என்றார். நானும் தலையாட்டித் தொலைத்தேன்.

சொல்லாமல் இருந்தால் கால் சரியாகிவிடுமா? கிளட்ச்சை மிதிக்கும் முன் ஒவ்வொரு தடவையும் குனிந்து, கால் எங்கே இருக்கிறது என்று பார்ப்பார். பார்க்கிற நேரத்தில் ரோட்டை யார் பார்ப்பது? ஒருநாள் கிழக்கேகோட்டை சிக்னலில் கால் வழுக்கி, கார் ஒரு தாவு தாவி, முன்னால் நின்ற ஆட்டோவின் முதுகில் முட்டியது. இவர் இறங்கிப்போய் ஆட்டோக்காரனிடம் சண்டை போட்டார். நின்றுகொண்டிருந்த ஆட்டோ பின்னால் வந்து இடித்ததாம். நான் பக்கத்து சீட்டில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து கார் சாவி என் கைப்பைக்குள் போனது.

எனக்கு வண்டி ஓட்டுவது புதிதில்லை. வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் இருந்தபோது, டிரைவர் லீவு போட்ட நாட்களில் ஆபீஸ் ஜீப்பை நானே எடுத்துக்கொண்டு நெடுமங்காட்டுப் பக்கம் தோட்டம் தோட்டமாகப் போய்வந்தவள். இரண்டாவது கியர் விழ வேண்டுமானால் அந்த ஜீப்பைத் திட்ட வேண்டும், தட்டவும் வேண்டும். ஏற்றத்தில் எந்த வண்டி நின்றாலும் மேடத்தைக் கூப்பிடு என்பார்கள். என் சமையலை யாராவது குறை சொன்னால் பொறுத்துக்கொள்வேன். நான் வண்டி ஓட்டுவதைச் சொன்னால் பொறுக்க மாட்டேன்.

இந்த விஷயத்தில் எங்களுக்கு ஆலோசகர் ஒருவர் வேறு. என் கணவரின் தம்பி. வலியசாலையில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடுதான். சேற்றில் ஜீப் ஓட்டுகிற வீடியோக்களைக் காலையும் மாலையும் பார்த்துப் பார்த்து, அவனுக்கு இதில் ஒரு பெரிய ஞானம் வந்திருந்தது. அவனுடைய சொந்தக் கார் விழிஞ்ஞம் கடற்கரையைத் தாண்டிப் போனதில்லை என்பது வேறு கதை.

"மன்னி, ஆட்டோமேட்டிக் எல்லாம் ஆபீஸ் போறவாளுக்கு ஆக்கும். மலை எறங்கும்போது வண்டி நம்ம கையில நிக்கணும்னா கியர்தான் வேணும்."

"ஆட்டோமேட்டிக்லயும் மலைக்குன்னு லோ ரேஞ்ச் இருக்கு. ஏத்தத்துல பின்னால உருளாது. கிளட்ச் கருகற நாத்தமும் இல்லை."

"அது நெஜமா ஓட்டறதே இல்லை மன்னி. என்ன அண்ணா, நான் சொல்றது?"

அண்ணா என்ன சொல்வார்? "கியர்னா கியர்தான்" என்பார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் பேப்பரைப் பிரிப்பார். கால் மரத்துப்போன மனிதர் கியரின் பெருமையைப் பேச, விஷயம் தெரியாத தம்பி ஆமாம் போட, எல்லாம் தெரிந்த நான் நடுவில் காப்பி ஆற்றிக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை வாயைத் திறந்தால் விவகாரம் முடிந்துவிடும். திறக்க முடியவில்லை. தனியாக இருக்கும்போது, "ஏன்னா, அந்த ஏத்தத்துல கால் வழுக்கினா தோட்டத்துக்குப் போக மாட்டேள், நேரா பள்ளத்துக்குத்தான்" என்று சொல்லிப் பார்த்தேன். "எனக்குத் தெரியும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு மேல் அவரிடமிருந்து எதுவும் பெயராது.

ஓட்டிப் பார்ப்பதற்கு ஷோரூம்காரர்கள் பைபாஸ் பக்கத்துக் காலி மனையில் மண்ணைக் குவித்து ஒரு மேடு செய்து வைத்திருந்தார்கள். கியர் வண்டியில் இவர் ஏறி உட்கார்ந்தார். விற்பனைப் பையன் பக்கத்தில், நானும் மைத்துனனும் பின்னால். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் கிடைத்த கடைசி நிமிஷம் அது. மைத்துனன் போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்திருந்தான். நான் முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

பாதி மேடு ஒழுங்காக ஏறினார். கியர் மாற்ற வேண்டிய இடத்தில் வழக்கம்போல் குனிந்து பார்த்தார். வண்டி குலுங்கி அணைந்தது. அப்புறம் பின்னால் உருள ஆரம்பித்தது. அவர் இன்னமும் தன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் பாய்ந்து ஹேண்ட்பிரேக்கை இழுத்திராவிட்டால் மேட்டின் ஓரத்தில் சாய்ந்திருப்போம்.

"புது வண்டி சாரே, கிளட்ச் கொஞ்சம் டைட்டு" என்று பையன் மரியாதையாக ஒரு வழி விட்டான்.

இவர் இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு எங்கேயோ பார்த்துக்கொண்டு, "ஆட்டோமேட்டிக் மதி" என்றார். மதி என்றால் இங்கத்து மலையாளத்தில் போதும் என்றும் அர்த்தம், இதுதான் வேண்டும் என்றும் அர்த்தம். எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று நான் கேட்டதில்லை. கேட்க எனக்கு எங்கே வாய் இருந்தது? அடுத்த வார்த்தை அப்படி வந்து விழுந்தது. "இவளும் ஓட்டணுமில்லையா. இவளுக்கு கியர் வராது."

மைத்துனன் போனைத் தாழ்த்தினான். "மன்னிக்கா? மன்னி பேங்க் ஜீப்பையே ஓட்டினவளாச்சே."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் அந்த மேட்டை ரிவர்ஸிலேயே ஏற்றிக் காட்டியிருப்பேன். ஆனால் அவர் கதவை விடாமல் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். விட்டால் இடது காலில் நிற்க வேண்டும்.

"அதெல்லாம் அந்தக் காலம். இப்ப எனக்கு கியர் வராது" என்றேன்.

ஆட்டோமேட்டிக் வந்தது. தோட்டத்து ஏற்றத்தில் அது சத்தமில்லாமல் ஏறுகிறது. அவர் ஓட்டுகிறார், நான் நிம்மதியாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு நான் கொடுத்த விலை, தெருவில் போன என் மானம். எனக்கு கியர் வராது என்ற செய்தியை மைத்துனன் ஒரு வீடு விடாமல் சேர்த்துவிட்டான். அடுத்த வீட்டு மாமி, "சாரமில்லை, போனாப் போறது, வயசானா எல்லாருக்கும் அப்படித்தான்" என்று தோளைத் தட்டினாள். காலேஜில் படிக்கிற பெண் ஒருத்தி எனக்கு கிளட்ச் சொல்லித்தர முன்வந்தாள். பழைய காரையும் விற்றாயிற்று. அதை நான் ஓட்டியதைப் பார்த்தவர்கள்கூட, தட்டுத்தடுமாறித்தான் ஓட்டியிருப்பாள் என்று முடிவுகட்டினார்கள். இவரோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கேட்காதவர் மாதிரி இருந்தார்.

போன மாதம் தெருவில் குழாய் உடைந்து தண்ணீர் இல்லை. தண்ணீர் லாரி வந்து முக்கில் நின்றது. உள்ளே வர முடியாதபடி மைத்துனனின் கார் வழியை அடைத்திருந்தது. சாவியை எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டு அவன் ஸ்கூட்டரில் எங்கோ போயிருந்தான். தெரு முழுக்கக் குடத்தோடு நிற்கிறது. லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான், திரும்பிப் போய்விடுவேன் என்கிறான். சாவி என் கையில். ஒரு நிமிஷ வேலை.

"பாவம், மாமிக்கு கியர் வராது" என்று யாரோ சொன்னார்கள். லாரிக்காரன் இறங்கிவந்து சாவிக்குக் கை நீட்டினான். நானும் கொடுக்கப் போனேன்.

"அவன்கிட்ட குடுக்காதே. நீ எடு." வாசலில் இவர் நின்றுகொண்டிருந்தார். தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னார். "அவளுக்கு கியர் நன்னா வரும். எனக்குத்தான் இந்தக் கால் சரியா வரல்லை. கிளட்ச் மிதிச்சா தெரியறதில்லை."

குடங்கள் எல்லாம் அவர் பக்கம் திரும்பின. இத்தனை நாள் என்னை ஊமையாக்கி வைத்துவிட்டு, சொல்வதற்கு இவருக்குக் கிடைத்த இடத்தைப் பாருங்கள். எனக்கு ஆத்திரத்தில் கண் நிறைந்துவிட்டது. ஆத்திரம் மட்டும்தானா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. காரில் ஏறினேன், ஸ்டார்ட் செய்தேன், முதல் கியர் போட்டேன். மாதக்கணக்காகக் கிளட்ச் மிதிக்காத கால் அதைச் சட்டென்று விட்டுவிட்டது. கார் குலுங்கி அணைந்தது.

தெருவில் ஒரு பெருமூச்சு எழுந்தது. "பாவம், மாமா விட்டுக்குடுக்காம பேசறார்" என்றாள் அடுத்த வீட்டு மாமி. அவர் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை.

அவர் காலை இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கி வந்தார். ஜன்னல் பக்கம் குனிந்து, என் காலைப் பார்த்தபடி, "பதறாதே. கிளட்ச்சை மெள்ள விடு" என்று எனக்குச் சொல்லித்தந்தார்.