ஸ்மராந்தாவின் கட்டம் போட்ட நோட்டு

வியாழக்கிழமை மதியம் க்ரெமோனா நகரத்துப் பூங்காவில் ருமேனியப் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். இத்தாலியக் கிழவிகளைக் குளிப்பாட்டி, ஊட்டிவிடும் வேலையிலிருந்து வாரத்தில் அவர்களுக்குக் கிடைக்கிற அரை நாள் அது. நடு பெஞ்சில், மடியில் கட்டம் போட்ட நோட்டோடு இருப்பவள் ஸ்மராந்தா. ஊருக்குப் போகிறவள் எவளானாலும் அவளிடம்தான் வந்து நிற்பாள். எந்த ரயிலில் ஏறி எங்கே மாறுவது, எந்த மலிவு விமானத்தில் எவ்வளவு பெரிய பையை விடுவான், ருமேனியாவில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறதே, இறங்கும்போது கடைசி பஸ் இருக்குமா போயிருக்குமா, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. பதினோரு வருஷத்தில் அந்த நோட்டை நம்பி நடுவழியில் நின்றவள் ஒருத்தி கிடையாது.

சொந்தக் காரியம் என்று வந்ததும் அந்தப் புத்தி எங்கே போய்த் தொலைந்ததோ!

அவள் புருஷன் நெகுலாய்க்கு ஸ்பெயினில், சரகோசாவில் இறைச்சிக்கூடத்தில் வேலை. அவனுக்கு லீவு கிடைத்தால் இவளுக்குக் கிடைக்காது, இவளுக்குக் கிடைத்தால் அவனுக்குக் கிடைக்காது. இப்படியே நாலு ஈஸ்டர் போயிற்று. போன வருஷம் அவன் மட்டும் ஊருக்குப் போனான். ஈஸ்டர் வழக்கப்படி சாயம் போட்ட சிவப்பு முட்டையை மோதி உடைக்க எதிரே ஆளில்லாமல், தானே மேஜையில் தட்டித் தின்றுவிட்டுப் போன் பண்ணினான்.

"அடுத்த ஈஸ்டருக்கும் நீ வரலைன்னா வீட்டை வித்துரலாம். நீ அங்கயே கெட, நான் ஸ்பெயின்லயே கெடக்கேன்."

ஸ்மராந்தா இந்தத் தடவை காத்திருக்கவில்லை. ஜனவரியிலேயே நோட்டைத் திறந்தாள். அவன் சரகோசாவிலிருந்து இத்தாலியின் பெர்கமோ விமான நிலையத்துக்குப் பறக்க வேண்டும். இவள் ரயிலில் போய் த்ரெவிலியோவில் மாறி அங்கே வந்து சேர வேண்டும். பிறகு இருவரும் ஒரே விமானத்தில் ருமேனியாவின் யாஷ் நகரம், அங்கிருந்து ஊருக்கு ரயில். பண்டிகை நாளில் ரயில் நேரம் வேறு, பஸ் நேரம் வேறு. எழுதினாள், அடித்தாள், தலையைப் பிய்த்துக்கொண்டாள். யாஷ் ஸ்டேஷனில் நாலு மணி நேரம் சும்மா உட்கார வேண்டியிருந்தது ஒன்றுதான் அவளுக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. தான் பார்த்துக்கொள்ளும் கிழவியின் மகளிடம் ஈஸ்டர் லீவு கேட்டு வாங்கி, மாற்றவே முடியாத டிக்கெட் இரண்டை எடுத்து அவனுக்கும் அனுப்பினாள்.

மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை தோழி ஸம்ஃபிரா நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"ஏன்டி, எனக்கு ஈஸ்டருக்கு எழுதிக் குடுத்துட்டு நீ மட்டும் அதுக்கு முந்தின குருத்தோலை ஞாயிறுக்கே ஓடுற? அன்னிக்கு இன்னும் நோன்புடி, மீன்தான், ஆட்டுக்கறி கெடையாது!"

பெஞ்சே சிரித்தது. ஸ்மராந்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தேதியைப் பார்த்தாள், ஸம்ஃபிராவின் முகத்தைப் பார்த்தாள், மறுபடி தேதியைப் பார்த்தாள். மற்றவர்களுக்கெல்லாம் ருமேனியக் கோயில் காலண்டரைப் பார்த்துதான் எழுதியிருந்தாள். தனக்கு மட்டும் கிழவியின் சமையலறையில் தொங்கிய காலண்டரைப் பார்த்திருக்கிறாள்! அது இத்தாலியக் கத்தோலிக்கர்களின் ஈஸ்டர்; ருமேனியக் கோயிலின் கணக்கு வேறு. போன வருஷம் இரண்டும் ஒரே நாளில் வந்ததால் வித்தியாசமே மண்டையில் ஏறவில்லை. இந்த வருஷம் ருமேனியர்களுடையது ஒரு வாரம் பிந்தி வருகிறது.

வீடு போச்சு, புருஷனும் போனான் என்று அங்கேயே போன் போட்டாள்.

"நெகுலாய், தப்பு நடந்துபோச்சு."

"என்ன, விமானம் ரத்தா?"

"ஈஸ்டரையே மாத்திப் போட்டுட்டேன். ஒரு வாரம் முன்னாடியே டிக்கெட் எடுத்துட்டேன்."

"தெரியும். நீ அனுப்பின அன்னிக்கே தெரியும்."

"அட மனுஷா! தெரிஞ்சா சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"சொன்னா என்ன பண்ணுவ? அந்தக் கெழவி மகளுக்கு இத்தாலி ஈஸ்டருக்குத்தான் லீவு, நம்ம ஈஸ்டருக்கு அவ உனக்கு லீவு குடுப்பாளா?"

"...மாட்டா."

"அதான் வாயை மூடிக்கிட்டிருந்தேன். நான் என்ன ஆட்டுக்கறிக்கா வர்றேன்? முட்டைக்குச் செவப்புச் சாயம் நான் கொண்டாறேன். முட்டை நீ வாங்கிட்டு வா. சாமி கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிறேன்."

ஸ்மராந்தா முந்தானை இல்லாத ஊரில் சட்டைக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டைப் புரட்டினாள்.

"பையில வச்சா முட்டை உடைஞ்சிரும். யாஷ்ல வாங்கிக்கலாம். அங்க நமக்கு நாலு மணி நேரம் இருக்கு."