கொலைகாரன் எங்கட ஆளோ?

டென்மார்க்கின் சில்க்போர்க் நூலகத்தில் மாலை வேளைகளில் ஊழியர் ஒருவரும் இருக்கமாட்டார்கள். வாசலில் உள்ள பொறியில் மஞ்சள் நிறச் சுகாதார அட்டையைச் செருகினால் கதவு தானாகத் திறக்கும். வைத்தியரிடம் போகும்போது நீட்டுகிற அதே அட்டைதான். உள்ளே விளக்குகள் எரியும், கதிரைகள் காத்திருக்கும், வேண்டிய புத்தகத்தை நாமே பதிந்து நாமே எடுத்துக்கொண்டு போகலாம். முதல் தடவை போனபோது ஒரு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். யாரிடமும் சொல்லாமல் இதை எடுத்துக்கொண்டு எப்படி வெளியே போவது? அதைவிட இன்னொன்று எனக்கு வியப்பாக இருந்தது. காவலில்லாத அந்த மண்டபத்திலேயே மிகப் பெரிய அலுமாரி கொலைக்கதைகளுக்குத்தான். ‘கிரிமி’ என்று செல்லமாகச் சொல்வார்கள். ஆயிரம் பேர்கூட இல்லாத மீன்பிடிக் கிராமத்தில் வரிசையாகப் பிணம் விழும். கொல்கிறவர் டேனிஷ்காரர், சாகிறவர் டேனிஷ்காரர், பிடிக்கிறவரும் டேனிஷ்காரர். அந்தக் கிராமத்து ஆட்கள் கோபிப்பதில்லை. தங்கள் ஊர் கதையில் வந்துவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள்.

இதை நான் ஏன் இவ்வளவு கவனித்தேன் என்றால், நானும் கொலைக்கதை எழுதுகிறவள். பகலில் முதியோர் இல்லத்தில் வேலை. ஓய்வு நாட்களில் தமிழில் ஒரு துப்பறியும் தொடர். தலைநகருக்குப் பக்கத்தில் ஹ்விடோவ்ரேயில் இருக்கும் இளங்கோ அண்ணை நடத்துகிற இணைய இதழில் அது வருகிறது. கதை நடக்கும் இடம் டென்மார்க் அல்ல. யாழ்ப்பாணமும் அல்ல. இரண்டுக்கும் இடையில் நான் வாழ்ந்த பாலைவன நகரம்.

கல்யாணம் முடித்த கையோடு போன நகரம் அது. என் கணவர் சிவம் அங்கே நில அளவைக்காரர்களோடு வேலை செய்தார். நான் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பறையில் இருந்தேன். யுத்தத்தால் ஊருக்குத் திரும்ப வழியில்லாமல் போனபோது அவர் முதலில் டென்மார்க்குக்கு வந்தார், நான் பின்னால் வந்தேன். அந்த நகரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். அப்படி ஓர் இடம் வளர்வதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை மணலாக இருந்த இடத்தில் அடுத்த மாதம் மின்விளக்குக் கம்பங்கள் நிற்கும். வேலைக்குப் போன பாதையால் திரும்பி வரமுடியாது, பாதையை மாற்றியிருப்பார்கள். பல் வைத்தியரிடம் வருகிறவர்களுக்கு ரெலிபோனில் வழி சொல்வது என் வேலை. ‘மஞ்சள் பாரந்தூக்கிக்கு இடப்பக்கம் திரும்புங்கோ’ என்று சொல்லி வைத்தால் அடுத்த கிழமை அந்தப் பாரந்தூக்கி இருக்காது. இந்த நகரத்தில் ஒரு குற்றம் நடந்தால் எங்கே போய்த் தடயம் தேடுவது என்று அப்போதே யோசித்திருக்கிறேன். கொலை நடந்த இடத்தின்மேல் மூன்று மாதத்தில் ஒரு ஹோட்டல் நிற்குமே!

அந்த யோசனையிலிருந்து பிறந்தவள்தான் மரகதம். நாற்பது தாண்டிய, கல்யாணம் செய்யாத, மட்டக்களப்புப் பெண். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவள். நகரம் மாற மாற அவள் பழைய கோடுகளை அழித்துப் புதிய கோடுகளைப் போடுவாள். எல்லோரும் மறந்துவிட்ட இடம் அவளுக்கு மட்டும் ஞாபகம் இருக்கும். நான்கு கதைகள் வெளிவந்து, ஐந்தாவதை முடித்திருந்தேன். ஒரு கட்டடத்தில் மின்தூக்கிக்குக் குழி தோண்டும்போது மேற்பார்வையாளன் ஒருவனின் உடல் கிடைக்கிறது. யார் கொன்றது?

என் மகள் ஆரணி இங்கே பிறந்தவள். ஓர்ஹூஸ் நகரத்தில் படிப்பை முடித்து அங்கேயே வேலை செய்கிறாள். நான் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்கிற பிள்ளை. தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். அவளே இந்த ஐந்தாவது கதையை டேனிஷில் எழுதப்போவதாகச் சொன்னபோது நான் நம்பவில்லை. வார இறுதிகளில் வந்து என் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு வரியாக அர்த்தம் கேட்டாள். பிறகு தானே எழுதி, தானே நூலகத்தோடு கதைத்து, கிரிமி வாசிப்பு மாலை ஒன்றில் நேரமும் வாங்கிவிட்டாள்.

அன்றைக்கு நான் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போனேன். மழைச் சப்பாத்தோடு வந்திருந்த சனத்துக்கு நடுவில் கல்யாணப் பொம்பிளை மாதிரி முன்வரிசையில் இருந்தேன். சிவம் பக்கத்தில் இருந்தார். ஆரணி வாசிக்கத் தொடங்கினாள். என் சொற்கள் எனக்குத் தெரிந்த, ஆனால் என்னுடையதல்லாத மொழியில் மண்டபத்துக்குள் நடக்கத் தொடங்கின. அந்தச் சனம் புழுதிக்காற்று வந்த இடத்தில் மூச்சைப் பிடித்தது, மரகதம் முதலாளியை மடக்கிய இடத்தில் சிரித்தது. 

இடைவேளையில் கோப்பியும் கேக்கும். இங்கத்தைய வழக்கப்படி எல்லோரும் கொலைகாரன் யாரென்று ஊகம் சொல்லவேண்டும். நான்கு பேர் கட்டட முதலாளியைச் சொன்னார்கள். எனக்கு மகிழ்ச்சி, ஏனென்றால் நான் எழுதியபடி கொலைகாரன் அந்த முதலாளிதான். ஐரோப்பாவிலிருந்து வந்த ஒப்பந்தக்காரன். அப்போது பியர்த என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை கேக்கை விழுங்கிவிட்டுக் கையை உயர்த்தினார்.

“செல்வராசாதான். ரூண்ட்கோர்சலைக் கவனிக்கவில்லையா?” என்றார்.

ரூண்ட்கோர்சல் என்றால் சுற்றுவட்டம். செல்வராசா என் கதையில் வருகிற யாழ்ப்பாணத்து மனிதர். வேலையாட்களுக்குத் தமையன் மாதிரி இருப்பவர். அவருக்கு நான் சிவத்தின் நடையையும் சிவத்தின் பகிடிகளையும் கொடுத்திருந்தேன்.

“இல்லை, இல்லை. அவர் அப்படிச் செய்யமாட்டார்,” என்று டேனிஷில் அவசரமாகச் சொன்னேன். “அவர் நல்ல மனிதர்.”

மண்டபம் முழுக்கச் சிரித்துக் கைதட்டியது. எழுத்தாளர் எங்களைத் திசைதிருப்புகிறார், எவ்வளவு கெட்டித்தனம் என்று பியர்த என் முழங்கையைத் தட்டினார். நான் உண்மையைத்தான் சொல்கிறேன் என்று விளக்க வாயைத் திறந்தேன். ஆரணி அடுத்த பாகத்தைத் தொடங்கிவிட்டாள்.

கடைசிக்கு முந்திய அத்தியாயத்திலிருந்து அது என் கதையாக இருக்கவில்லை. மரகதம் முதலாளியின் அலுவலகத்துக்குப் போகவேண்டிய இடத்தில் செல்வராசாவின் அறைக் கதவைத் தட்டினாள். நான் நிமிர்ந்து இருந்தேன். நான் எழுதிய கதையில் அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று எனக்கே தெரியாது! கோபம் வரவேண்டிய நேரம். ஆனால் ‘சொல்லு, சொல்லு’ என்று மனம் குதிக்கிறது. மரகதம் கேட்டாள்: “கொலை நடந்த நாள் பின்னேரம் கோப்பிக் கூசாச் சிலைச் சுற்றுவட்டத்தடியில் பஸ்ஸுக்கு நின்றதாகச் சொன்னீர்கள். அந்தச் சுற்றுவட்டத்தை அதற்கு முந்தின கிழமையே இடித்துவிட்டார்கள். வரைபடத்திலிருந்து அதை அழித்தவள் நான்.”

சிவம் என் காதுக்குள் குனிந்தார். “என்னை ஏனப்பா பிடிக்கினம்?”

ஆரணி வாசித்து முடித்ததும் மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. “ஸ்பெனெண்ட!” என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள். விறுவிறுப்பு என்று அர்த்தம். பியர்த வெற்றி பெற்றவர்போல் எல்லோரையும் திரும்பிப் பார்த்தார். நானும் எழுந்து நின்று கைதட்டினேன். வேறென்ன செய்வது?

காருக்குள் ஏறியதும்தான் எனக்குக் கோபம் வந்தது.

“ஆரைக் கேட்டு மாத்தினனீ?”

“சொல்லியிருந்தா விட்டிருக்கமாட்டீங்கள்,” என்றாள் ஆரணி. முக்கியமான விஷயமென்றால் அவள் தமிழுக்கு வருவாள். “அம்மா, ரெண்டாம் அத்தியாயத்தில மரகதம் அந்தச் சுற்றுவட்டத்தை அழிக்கிறா. நீங்கள்தான் எழுதினீங்கள். நாலாம் அத்தியாயத்தில செல்வராசா அங்க நிண்டனான் எண்டு சொல்லுறார். அதையும் நீங்கள்தான் எழுதினீங்கள். நான் ஒண்டும் புதுசாப் போடேல்ல.”

அது உண்மை. நான் தடயமென்று நினைத்து எழுதவில்லை. கோப்பிக் கூசா வடிவத்தில் சிலை வைத்த சுற்றுவட்டம் அது. நானும் சிவமும் பஸ்ஸுக்குக் காத்து நின்ற இடம். அதை இடித்த கவலையை இரண்டாம் அத்தியாயத்தில் எழுதிவிட்டு, நான்காவதில் செல்வராசாவை அதே இடத்தில் நிறுத்தியிருக்கிறேன். எனக்குள் அது இன்னும் இடிபடவில்லை.

“பிழையா எழுதிப்போட்டன். திருத்தலாம்தானே.”

“இன்னொண்டும் இருக்கு,” என்றாள். “அஞ்சு கதை எழுதியிருக்கிறீங்கள். முதல் நாலையும் தேடி எழுத்துக்கூட்டி வாசிச்சனான். ஒண்டிலயாவது கொலைகாரன் எங்கட ஆள் இல்லை. எப்பவும் வேற நாட்டுக்காரன். வாசிக்கத் தொடங்கினவுடனேயே எனக்குத் தெரிஞ்சிடுது, தமிழ்ப் பெயர் இருந்தா அவரைச் சந்தேகப்படத் தேவையில்லை எண்டு. அது கிரிமி இல்லை அம்மா.”

சிவம் காரை ஓட்டினார். சில்க்போர்க்கின் ஏரிகள் இருட்டில் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்துபோயின. இந்த நாட்டுச் செய்தியில் ஏதாவது குற்றம் என்று வந்தால் பெயர் சொல்லும்வரை நாங்கள் எப்படி இருப்போம் என்று உங்களுக்குத் தெரியும். ‘எங்கட ஆளாய் இருக்கக்கூடாது’ என்று மனதுக்குள் ஒரு பிரார்த்தனை ஓடும். வேறு பெயர் வந்ததும் தேநீரை எடுத்துக் குடிப்போம். அந்தப் பிரார்த்தனையை நான் கதைக்குள்ளும் கொண்டுபோயிருக்கிறேன். பாலைவன நகரத்தில் எங்களுக்குப் படுக்க இடம் தந்தவர்களும், சட்டியோடு கறி கொண்டுவந்தவர்களும் எங்களுடைய ஆட்கள். அவர்களில் ஒருவரின் கையில் இரத்தத்தைப் பூசுவதற்கு என் பேனைக்கு மனம் வரவில்லை. டேனிஷ்காரருக்கு அந்தப் பயம் கிடையாது. ஒரு கொலைகாரனால் முழு டென்மார்க்குக்கும் பெயர் கெட்டுவிடும் என்று அவர்கள் நினைப்பதில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆரணியின் கடைசி அத்தியாயத்தை மேசையில் வைத்து வாசித்தேன். அதில் ஒரு குறை இருந்தது. செல்வராசா ஏன் கொன்றார்? வாய்த்தர்க்கம், ஆத்திரம், தள்ளிவிட்டார் என்று எழுதியிருந்தாள். அது செல்வராசா இல்லை. நான் நடந்து நடந்து யோசித்தேன். திடீரென்று விளங்கியது!

“செத்தவனும் அவற்ற ஊர்தான்,” என்றேன். “லீவில ஊருக்குப் போகப்போறான். தான் எஞ்சினியர் எண்டு செல்வராசா ஊருக்கு எழுதி வச்சிருக்கிறார். இவன் போய் உண்மையைச் சொல்லிப்போடுவான்.”

ஆரணி என்னைப் பார்த்தாள். “அதுக்காக ஆராவது கொலை செய்வினமோ?”

“செய்வினம்,” என்றார் சிவம். அதுவரை சோபாவில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தவர். “எனக்கு அப்பிடி ஒராளைத் தெரியும். கொலை செய்யேல்ல. ஆனா ஊரிலிருந்து ஆர் வந்தாலும் கட்டிலுக்குக் கீழ ஒளிப்பார்.”

நாங்கள் மூவரும் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அடுத்த இரண்டு கிழமை நான் எழுதினேன், ஆரணி கேள்வி கேட்டாள். அவள் தடயங்களை இறுக்கினாள், நான் வெட்கத்தை எழுதினேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு எழுத்தில் முன்பு கிடைத்ததில்லை. டேனிஷ் பிரதி மட்டும் அவள் வாசித்தபடியே இருக்கட்டும் என்று விட்டோம். அது அவளுடையது.

தமிழ்க் கதையை அனுப்பிய மறுநாளே இளங்கோ அண்ணை ரெலிபோன் எடுத்தார்.

“தங்கச்சி, கொலைகாரன் எங்கட ஆளோ?”

“ஓம் அண்ணை.”

“ஆக்கள் கோவிப்பினம். ஆனா விடியவிடிய வாசிச்சுப்போட்டன். போடுறன். எந்த ஊர் எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ. பிறகு அந்த ஊர்ச் சங்கம் என்னைக் கூப்பிட்டு விசாரிக்கும்.”

கதை வந்ததும் ஆட்கள் கோபித்தார்கள். எங்களை நாங்களே காட்டிக்கொடுப்பதா என்று ஒருவர் எழுதினார். இன்னொருவர், அதே நகரத்தில் வேலை செய்தவர், ‘இந்தச் செல்வராசாவோடு ஒரே அறையில் இருந்திருக்கிறேன்’ என்று மட்டும் எழுதியிருந்தார். அந்த ஒரு வரியை நான் சிவத்துக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

போன மாதம் ஹ்விடோவ்ரேயில் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போயிருந்தோம். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மேசையில் பெரியவர்கள் செல்வராசாவைப் பற்றி வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்தார்கள். “பாவமப்பா அந்த மனுசன், மானத்துக்குப் பயந்து செய்துபோட்டான்,” என்று ஒரு அக்கா வடையோடு கையை ஆட்டினார். பக்கத்து மேசையில் ஆரணியின் வயதுப் பிள்ளைகள் டேனிஷில் அதே மனிதரைத் தூக்கில் போடாத குறையாகத் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஆரணி பகிர்ந்த டேனிஷ் பிரதியை வாசித்த அவர்களுக்குத் தெரிந்த செல்வராசா ஆத்திரக்காரன் மட்டும். இரண்டு மேசையும் ஒரே நேரத்தில் என்னைக் கண்டன. இரண்டு பக்கமும் என்னைக் கூப்பிட்டன. நான் நடுவில் கதிரை போட்டு இருந்தேன். கேள்விகள் வந்த வேகத்தில் என் நாக்குத் தடம்மாறிவிட்டது. டேனிஷில் கேட்ட பிள்ளைக்குத் தமிழிலும், தமிழில் கேட்ட அக்காவுக்கு டேனிஷிலும் நான் மூச்சுவிடாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.