குஞ்சுப் பெட்டிக்கு ஒரு பல்பு

கூடலூரில் நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வாங்கி வளர்த்து விற்கிறேன். போன ஆடியில் எங்கள் தெருவுக்கு அரசுத் திட்டத்தில் எல்.இ.டி. பல்பு கொண்டுவந்தார்கள். பழைய குண்டு பல்பைக் கொடுத்தால் புதியது கிடைக்கும். கரண்ட் பில் குறையுமே என்ற ஆசையில் வீட்டில் இருந்ததையெல்லாம் கழற்றிக் கொடுத்தேன். குஞ்சுப் பெட்டிக்குள் தொங்கியதையும் விட்டுவைக்கவில்லை.

அன்று மாலை கேரளப் பக்கமிருந்து சாரல் அடித்தது. பெட்டிக்குள் பளிச்சென்று வெளிச்சம் இருந்தும் குஞ்சுகள் ஓயாமல் கத்தின. எட்டிப் பார்த்தால், எல்லாம் ஒரே மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அடியில் இருந்தவை அசையவே இல்லை.

"மாமா, ஓடியாங்க! குஞ்சுக்கு என்னமோ ஆகிப்போச்சு!" என்று கணவரைக் கூப்பிட்டேன்.

"லைட்டுதான் எரியுதே, பெறகென்ன?" என்றபடி வந்தார்.

பெட்டிக்குள் கையை விட்டுப் பல்புக்குப் பக்கத்தில் நீட்டினேன். சூடே இல்லை. பழைய பல்பின் சூட்டில்தானே அத்தனையும் பிழைத்துக் கிடந்தன!

அவர் அவசரமாக வெந்நீர் வைத்தார். நான் அதைப் பாட்டில்களில் ஊற்றி, துணி சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். அடியில் கிடந்தவற்றை மடியில் போட்டுத் தேய்த்தேன். ஒவ்வொன்றாகக் காலை உதறின. மூன்று மட்டும் எழவில்லை.

இன்றும் வீடு முழுக்க எல்.இ.டி.தான், பில்லும் குறைந்திருக்கிறது. குஞ்சுகளுக்கு மட்டும் சூடு தரும் பல்பு தனியாக வாங்கிவிட்டேன். அடுத்த தெருவுக்குப் பல்பு வண்டி வந்தபோது, அதற்கு முன்னால், அங்கே குஞ்சு வளர்க்கிற வீட்டுக்கு நான் ஓடினேன்.

"ஆத்தா, பல்பு மாத்த வந்திருக்காக! எல்லாத்தையும் குடுங்க, குஞ்சுப் பெட்டியில கை வச்சுறாதீக!"