நாலு சட்டிக் குழம்பு

மகள் இறந்த பிறகு இது இரண்டாவது தைப்பூசம். போன தைப்பூசத்துக்கு எங்களுக்குத் தீட்டு. பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கமே வரக்கூடாதென்று உறவுக்காரர்கள் முன்கூட்டியே போன் செய்து சொன்னார்கள். வருகிற உத்தேசமே இல்லை என்று சொல்லி அவர்கள் அக்கறையைக் கெடுக்க நான் விரும்பவில்லை.

அவளுக்குப் பதினொரு வயது. ஒரே பிள்ளை. இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த வாரமே மனைவி நேர்ந்துகொண்டாள்: மூன்று வருடம் அவள் பால்குடம், நான் காவடி. சாமியைக் கேலி செய்து எழுதியே பெயர் வாங்கியவன் நான். ஆனால் பிள்ளைக்கு ஊசி போடும் அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவனுக்குக் கேலி வராது. சரி என்றேன். இரண்டு வருடம் தூக்கினோம். இரண்டாவது தைப்பூசம் முடிந்த ஏழாம் மாதம் அவள் போய்விட்டாள்.

அன்றிலிருந்து மனைவி தன் விரதத்தில் குறை தேடுகிறாள். படியேறும்போது ஒரு நொடி குடத்தைத் தோளில் சாய்த்தாளாம். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி கொடுத்த பிஸ்கட்டை எதுவும் பார்க்காமல் தின்றாளாம்.

"அதுல முட்டை போட்டிருப்பாங்க. நான் யோசிக்கவே இல்லைங்க."

எனக்குத் தெரிந்த குறை வேறு.

செபராங் ஜெயாவில் என் அலுவலகத்துக்கு எதிரே ஒரு நாசி கண்டார் சோற்றுக்கடை. இரண்டாவது வருட விரதத்தில் ஒரு மதியம் அங்கே போய், "அண்ணே, வெண்டைக்காய், முட்டைக்கோஸ் மட்டும்" என்றேன். கடைக்காரர் தலையாட்டிக்கொண்டே, கைப்பழக்கத்தில் நாலு சட்டியிலிருந்தும் குழம்பை அள்ளிச் சோற்றில் ஊற்றினார். மீன், கோழி, ஆடு. நாலாவது என்னவென்று நான் கேட்கவில்லை. பினாங்குக்காரன் எவனும் அந்தக் கையைத் தடுத்ததில்லை. அவருக்கே உறைத்தது.

"ஐயையோ, விரதமா தம்பி? மாத்தித் தரேன்லா."

"பரவாயில்லைண்ணே" என்றேன். ஒன்றரை மணிக்கு மீட்டிங். எதைப் பற்றி என்பது மறந்துவிட்டது. குழம்பின் ருசி மறக்கவில்லை.

நாலு அலமாரி புத்தகம் படித்தவன். குழம்புக்கும் இரத்த அணுக்களுக்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். சம்பந்தமே இல்லாத ஒன்றை எதற்காக இரண்டு வருடம் மனைவியிடம் மறைத்தேன் என்பதற்குத்தான் அந்த அலமாரியில் விடை இல்லை.

போன ஞாயிறு காலை அவள் லிட்டில் இந்தியா கடைத்தெருவிலிருந்து மஞ்சள் சேலையோடு வந்தாள். மூன்றாவது குடத்தையும் எடுக்கப் போகிறாளாம்.

"அதான் பிள்ளையே இல்லையேம்மா."

"சொன்னது சொன்னதுதானே. அந்த பிஸ்கட்டுக்காவது நான் மன்னிப்புக் கேட்கணும்."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. நாலாவது சட்டி வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சேலையை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"மாத்தித் தரேன்னு சொன்னாரா?"

"சொன்னார்."

"நீங்க வேணாம்னீங்க."

"மீட்டிங் இருந்துச்சு."

"ஒண்ணரை வருஷமா நான் பிஸ்கட் பிஸ்கட்டுன்னு அழுறேன். பக்கத்துலயே உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க."

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தினால் நன்றாயிருந்திருக்கும். கத்தவில்லை.

"இப்பவாவது தெரியுதா? உன் மேல ஒரு குறையும் இல்லை" என்றேன்.

"தின்னது நீங்க. சாமிக்குக் கோவம்னா உங்களைத்தானே எடுத்திருக்கணும்? அவளை ஏன் எடுக்கணும்?" மடித்த சேலையை எடுத்து வைத்தாள். "இல்லைங்க. பெத்தவ நான். என் விரதம்தான் சரியில்லை."

பழியை நான் வாங்கிக்கொண்டால் அவளுக்குக் கொஞ்சமாவது இலேசாகும் என்று நினைத்திருந்தேன். அவள் தன்னுடையதை விட்டுக்கொடுக்கவில்லை. என்னுடையது என்னோடேயே இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை விரதம் ஆரம்பம் என்றாள். எனக்குக் காவடி கட்டித் தர ஆளிடம் சொல்லிவிட்டேன். வேண்டிக்கொள்ள இந்த முறை ஒன்றும் இல்லை.